வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய வரைபடம்

வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எட்டு வாட் போதுமா?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இணைக்கப்போகும் ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பான இம்பீடன்ஸ், தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை எப்படி ஏறி இறங்குகிறது? இதற்கு விடை தெரியாமல் வாங்கினால் 60 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரும் தொளதொளவென்று ஒலிக்கும். தெரிந்து வாங்கினால் 8 வாட்டிலேயே அறை நிறையும். வாட் கணக்கை நான் ஒதுக்கிவிடவில்லை, அதற்கும் பின்னால் வருகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக வால்வுகளோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்டிருப்பது என்னவென்றால், பொருத்தம் கூடுமா கூடாதா என்பது பெரும்பாலும் ஸ்பீக்கரின் மின்மறுப்பு வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் பெரிதாகத் தலைகாட்டாத சிக்கல். வால்வில் மட்டும் ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் வால்வின் இயல்பிலேயே இருக்கிறது. உயர்ந்த மின்னழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்வதுதான் வால்வுக்குக் கைவந்தது. 1938-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 300பி வால்வை எடுத்துக்கொண்டால், அதன் ஆனோடில் முந்நூறு, நானூறு வோல்ட் நிற்கும். அதன் வழியாக ஓடுவது 60 முதல் 80 மில்லி ஆம்பியர் மட்டுமே. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலுக்குத் தேவைப்படுவதோ இதற்கு நேர்மாறாகச் சில வோல்ட்டும் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டமும். இந்த இரண்டையும் இணைத்துவைப்பதற்காகவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் அமர்ந்திருக்கிறது. அதன் முதன்மைச் சுருளில் உள்ள சுற்றுகள் துணைச் சுருளைப் போல ஏறத்தாழ 21 மடங்கு என்றால், மின்மறுப்பு அதன் வர்க்கமாக ஏறத்தாழ 440 மடங்கு பெருகும். ஆகவே துணைச் சுருளில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், வால்வின் கண்ணுக்கு அது 3500 ஓம் சுமையாகத் தெரியும். 300பி வால்வுக்கு அது வசதியான சுமை.

டிரான்ஸ்ஃபார்மர் தானாக ஒரு மின்மறுப்பை உண்டாக்குவதில்லை, ஒரு பக்கம் இருப்பதை மறுபக்கத்துக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்பக்கத்தில் "8 ஓம்" என்று எழுதியிருக்கும் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், வால்வுக்கு 1750 ஓம்தான் தெரியும். சிதைவில்லாமல் கிடைக்கும் திறன் குறையும், சிதைவு கூடும். அதே கண்ணாடி எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. 300பி வால்வின் உள் மின்தடை ஏறத்தாழ 700 ஓம். அதை 440-ஆல் வகுத்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் 1.6 ஓம் வரும். சுருள்களின் செம்புக் கம்பிக்குரிய மின்தடையையும் சேர்த்தால் 2 முதல் 3 ஓம் வரை ஆகிவிடும். பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத ஒரு சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபையரின் (வெளியீட்டில் அலை முழுவதையும் ஒரே வால்வு கையாளும் வகை) வெளியீட்டு மின்மறுப்பு என்று சொல்லப்படுவது இதுதான். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இது 0.1 ஓமுக்கும் கீழே இருக்கும்.

இந்த 2 ஓம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பெயரளவில் 8 ஓம் என்று விற்கப்படும் ஒரு ஸ்பீக்கர், 150 ஹெர்ட்ஸ் அளவில் 4 ஓமுக்கு இறங்கி, 60 ஹெர்ட்ஸ் அருகே 40 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் அரியவையல்ல. ஆம்ப்ளிஃபையர் தரும் மின்னழுத்தம் அதன் சொந்த 2 ஓமுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் பங்கிடப்படுகிறது. ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் ஆறில் நான்கு பங்கு மட்டுமே அதற்குக் கிடைக்கிறது, அதாவது 3.5 டெசிபல் இழப்பு. 40 ஓமாக இருக்கும் இடத்தில் நாற்பத்திரண்டில் நாற்பது பங்கு கிடைக்கிறது, இழப்பு 0.4 டெசிபல்தான். ஆக, ஒரே ஸ்பீக்கரின் இரண்டு அதிர்வெண்களுக்கு இடையே 3 டெசிபல் மேடுபள்ளம் புதிதாக உருவாகிவிட்டது. இதே ஸ்பீக்கரை 0.1 ஓம் உள்ள ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் அந்த வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் அடங்கிவிடும். 3 டெசிபல் என்பது காதுக்கு எளிதில் பிடிபடும் அளவு. யாரோ டோன் கண்ட்ரோலைத் திருப்பிவைத்ததைப் போன்ற மாற்றம் அது. அந்தத் திருப்பலை எங்கே செய்வது, எவ்வளவு செய்வது என்பதை ஸ்பீக்கரின் வரைபடம் தீர்மானிக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரின் "இனிமை" என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி இப்படித்தான் பிறக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதைச் சொல்வதால் அந்த இனிமை குறைந்துவிடுவதுமில்லை.

அடுத்தது பாஸ். இங்கே மேடுபள்ளம் மட்டுமல்லாமல், பாஸை ஒலிக்கும் பெரிய டிரைவரான வூஃபரின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. வூஃபரின் கோன் அசையும்போது காந்தப் புலத்துக்குள் இருக்கும் அதன் வாய்ஸ் காயில் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் ஓடும் மின்னோட்டம் ஆம்ப்ளிஃபையர் வழியாகச் சுற்றிவந்து கோனின் அசைவுக்குத் தடை போடுகிறது. வழியில் மின்தடை கூடக்கூட அந்தத் தடையின் பிடி தளர்கிறது. வாய்ஸ் காயிலுக்கே 6 ஓம் மின்தடை உண்டென்றால், 0.02 ஓம் ஆம்ப்ளிஃபையருக்கும் 0.2 ஓம் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையிலான வித்தியாசம் மொத்தத்தில் 3 சதவீதம்தான். டாம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் மின்மறுப்பை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பால் வகுத்த எண்) 400 என்று பெரிதாக அச்சிடும் விளம்பரங்களுக்கு நான் மதிப்புக் கொடுக்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் 2.5 ஓம் ஆம்ப்ளிஃபையர் என்றால் 6 என்பது 8.5 ஆகிறது, 40 சதவீதத்துக்கும் மேல் உயர்வு. வூஃபரின் மின் 'க்யூ' (கோனின் அசைவு எவ்வளவு தளர்வாக அடங்குகிறது என்பதன் அளவு) 0.35 என்று இருந்தது இப்போது 0.5-ஐத் தொடும். மூடிய பெட்டியில் 0.7 என்று அளவாக வடிவமைக்கப்பட்ட பாஸ் 0.95 அருகே போய், ஏறத்தாழ 1 டெசிபல் புடைப்புடன் ஒலிக்கும். அது பெரிய குற்றமில்லை. சில அறைகளில் அந்தப் புடைப்பு நிறைவாகக்கூட இருக்கும். துளை வைத்த ரிஃப்ளெக்ஸ் பெட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் மின்மறுப்பு வரைபடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு முகடுகள் இருக்கும், இரண்டும் உயரமாக இருக்கும். பெட்டியின் அளவும் துளையின் நீளமும் சுழிய மின்மறுப்புள்ள ஆம்ப்ளிஃபையரை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு குலைந்தால் பாஸ் வீங்கி, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மாறாக, பெரிய காந்தமும் இலகுவான காகிதக் கோனும் கொண்டு, குறைந்த வாட்டிலேயே உரக்க ஒலிக்கும் வூஃபர்களில் 'க்யூ' 0.25 போலத் தாழ்வாக இருப்பதுண்டு. டிரான்சிஸ்டரில் அவை வறண்டு, மெலிந்து ஒலிக்கும். 2 ஓம் வால்வு ஆம்ப்ளிஃபையரில் அவற்றுக்கு உயிர் வரும். பழைய ஹார்ன் ஸ்பீக்கர்களும் ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்களும் வால்வோடு சேரும்போது மட்டும் முழுமையாக ஒலிப்பதற்கு இதுவே பெரிய காரணம். அதில் மாயம் ஒன்றுமில்லை.

இதைக் காதால் உணர எளிய வழி ஒன்று உண்டு. எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என்னிடம் பின்னூட்டம் இல்லாத ஒரு 300பி சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. வெளியீட்டில் பொது முனையோடு 4, 8 ஓம் என்று மேலும் இரண்டு முனைகள். அதனோடு பெயரளவில் 8 ஓம் உள்ள இரண்டு வழி ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் இணைத்து, டபுள் பேஸ் ஒன்றும் ஒரு குரலும் மட்டுமே உள்ள ஒரு பதிவைப் போட்டேன். விரல் நரம்பைச் சுண்டும் ஓசை, பிறகு நரம்பின் நீண்ட அதிர்வு, அதற்குப் பின்னால் மரப்பெட்டியின் முனகல் என்று மூன்றும் கேட்டன. ஆனால் மூன்றாவது, இரண்டாவதன் மேல் ஏறி நின்றது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வயரை 4 ஓம் முனைக்கு மாற்றி, ஒலி அளவைச் சமன்செய்து, அதே இடத்தை மீண்டும் கேட்டேன். சுண்டும் ஓசை அப்படியே இருந்தது. மரப்பெட்டியின் முனகல் பின்னால் ஒதுங்கி, அடுத்த ஸ்வரம் தொடங்குவதற்கு முன்பே அடங்கியது. குரல் ஓர் அடி பின்னால் போனது போலத் தோன்றியது.

நடந்தது என்னவென்றால், 4 ஓம் முனையில் வெளியீட்டு மின்மறுப்பு பாதியாகிவிடுகிறது; வால்வுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் 7000 ஓமாகத் தெரிகிறது. சிதைவு குறைகிறது, பிடி கூடுகிறது, அதற்கு விலையாகத் திறனில் கணிசமான பங்கு போய்விடுகிறது. "8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில்தான் இணைக்க வேண்டும்" என்பது சட்டமல்ல, தொடக்கப் புள்ளி. ஒரு முனை கீழே இறக்கி இணைத்துப் பார்ப்பதில் கேடு எதுவுமில்லை. மேலே ஏற்றி, 4 ஓம் ஸ்பீக்கரை 16 ஓம் முனையில் மாட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். வால்வின் மீது சுமை அளவுக்கு மீறி ஏறும்.

முனைகளைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஒருபோதும் சிக்னல் கொடுக்காதீர்கள். டிரான்சிஸ்டருக்கு ஷார்ட் சர்க்யூட் எமன் என்றால், வால்வுக்குத் திறந்த சுற்று எமன். சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எகிறி, காப்பைத் துளைத்துப் பொறி பறக்க வாய்ப்புண்டு. முனையை மாற்றும்போது அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். உள்ளே கை வைப்பதாக இருந்தால், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதை மறக்கவே கூடாது.

உங்கள் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு எவ்வளவு என்று தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் நீங்களே அளந்துகொள்ளலாம். பத்து வாட் தாங்கக்கூடிய 8 ஓம் மின்தடை இரண்டு, ஒரு மல்டிமீட்டர், 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஆகியவை போதும். முதலில் இரண்டு மின்தடைகளையும் தொடராக, அதாவது 16 ஓமாக, 8 ஓம் முனையில் இணைத்து, ஒலி அளவைக் குறைவாக வைத்து மின்னழுத்தத்தைப் பாருங்கள், 1.73 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஒலி அளவைத் தொடாமல், ஒரே ஒரு மின்தடையை மட்டும் இணைத்து மறுபடி பாருங்கள், 1.52 வோல்ட். முதலில் ஓடிய மின்னோட்டம் 0.108 ஆம்பியர், பிறகு ஓடியது 0.19 ஆம்பியர். மின்னழுத்த வித்தியாசமான 0.21-ஐ மின்னோட்ட வித்தியாசமான 0.082-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.5 ஓம். இந்த ஓர் எண் கையில் இருந்தால், எந்த ஸ்பீக்கரின் வரைபடத்தைப் பார்த்தாலும் அது உங்கள் ஆம்ப்ளிஃபையரில் எங்கே உயரும், எங்கே தாழும் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஸ்பீக்கரின் வரைபடத்தைப் படிப்பதும் கடினமல்ல. சர்வதேசத் தரநிலைப்படி, பெயரளவு மின்மறுப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே ஸ்பீக்கர் இறங்கக் கூடாது. 8 ஓம் என்று எழுதினால் 6.4 ஓமுக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் பல தயாரிப்பாளர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. "8 ஓம்" ஸ்பீக்கர் 3.5 ஓமுக்கு இறங்குவது சாதாரணம். ஆகவே அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் அளவீட்டைத் தேட வேண்டும். ஸ்டீரியோஃபைல் இதழ் பல்லாண்டுகளாகத் தன் ஸ்பீக்கர் மதிப்பீடுகளோடு மின்மறுப்பையும் கட்டக் கோணத்தையும் (மின்னழுத்தத்திலிருந்து மின்னோட்டம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதன் அளவு) வரைந்து வெளியிடுகிறது. ஆம்ப்ளிஃபையர்களை ஒரு போலி ஸ்பீக்கர் சுமையில் இணைத்து, அதிர்வெண் கோடு எவ்வளவு வளைகிறது என்பதையும் காட்டுகிறது. என்னைக் கேட்டால் அந்த இதழின் வருணனைப் பக்கங்களைவிட அந்தக் கோடுகளே பயனுள்ளவை. நான் தேடுவது மூன்று: மிகத் தாழ்ந்த புள்ளி 6 ஓமுக்கு மேலே இருக்கிறதா, அந்தத் தாழ்ந்த புள்ளி 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான, இசையில் ஆற்றல் அதிகம் குவிந்திருக்கும் பகுதியில் விழுகிறதா, 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் இடையில், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் உண்டாக்கும் முகடு எவ்வளவு உயரம். கட்டக் கோணம் 45 பாகைக்கு மேல் சாயும் இடமும் மின்மறுப்பு தாழும் இடமும் ஒன்றாக வந்தால், அந்த ஸ்பீக்கரை வால்வுக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை.

பிபிசி பொறியாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர் இதற்குப் பொருத்தமான சான்று. அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் ஒலி அளவு, 82, 83 டெசிபல்தான். வாட் கணக்கை மட்டும் பார்ப்பவர் அதை வால்வோடு சேர்க்க நினைக்கவே மாட்டார். ஆனால் அதன் முதல் வடிவத்தின் பெயரளவு மின்மறுப்பு 15 ஓம், மூடிய பெட்டி. சிறிய அறையில், அருகில் உட்கார்ந்து, 15 முதல் 30 வாட் புஷ்-புல் (ஒரு ஜோடி வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும்) வால்வு ஆம்ப்ளிஃபையரில் அதைக் கேட்டவர்கள் அந்தக் கூட்டணியை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

சரி, வாட் கணக்குக்கு வருவோம். சென்சிட்டிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்று பெரும்பாலோர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். 8 ஓமில் இது சரியாக ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 90 டெசிபல் என்று எழுதியிருந்தால், உண்மையில் வாட்டுக்கு 87 டெசிபல்தான். மின்னழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கும் டிரான்சிஸ்டருக்கு இது பொருட்டில்லை. 4 ஓம் முனையிலும் 8 ஓம் முனையிலும் ஒரே வாட்டைத் தரும் வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு இது முழு 3 டெசிபல் இழப்பு, அதாவது பாதித் திறன்.

87 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறோம் என்று கொள்வோம். தூரத்தால் 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் 3, சுவர்களின் எதிரொலிப்பால் இன்னொரு 3 என்று 6 டெசிபல் திரும்பிவரும். ஆக, ஒரு வாட்டுக்கு நம் காதில் 83.5 டெசிபல். சராசரியாக 75 டெசிபலில் கேட்பவருக்கு வாட்டில் ஏழில் ஒரு பங்கே போதும்! ஆனால் நன்றாகப் பதிவுசெய்யப்பட்ட இசையில் உச்சங்கள் சராசரிக்கு மேல் 20 டெசிபல் எழும். அந்த 95 டெசிபலுக்கு 14 வாட் தேவை. 300பி-யின் 8 வாட் இங்கே தடுமாறும். ஸ்பீக்கரை 93 டெசிபலுக்கு மாற்றினால் தேவை 3.5 வாட்டுக்கு இறங்கிவிடும். 2ஏ3 வால்வே சமாளித்துவிடும். சிங்கிள் எண்டட் முறையில் 45 வால்வு 2 வாட் அளவும், 2ஏ3 வால்வு 3.5 வாட் அளவும் தரும். புஷ்-புல் முறையில் ஒரு ஜோடி ஈஎல்84 பத்துப் பதினைந்து வாட், ஈஎல்34 ஜோடி 35 வாட் அளவு, கேடி88 ஜோடி 50 வாட்டும் அதற்கு மேலும் தரும். 35 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் இடையே கிடைப்பது 3 டெசிபல்தான் என்பதால், ஆம்ப்ளிஃபையரில் திறனைத் தேடுவதைவிட ஸ்பீக்கரில் சென்சிட்டிவிட்டியைத் தேடுவதே எளிது.

எளிது என்றேன், ஆனால் அதற்கும் இயற்பியல் விலை கேட்கிறது. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், உயர்ந்த சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். கேஎல்எச் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹோஃப்மனின் பெயரால் இந்த விதி வழங்குகிறது. 87 டெசிபல் ஸ்பீக்கர், தனக்குத் தரப்படும் மின்னாற்றலில் 0.3 சதவீதத்தை மட்டுமே ஒலியாக்குகிறது, மீதியெல்லாம் வெப்பம். 97 டெசிபல் என்றால் 3 சதவீதம். ஆனால் அந்த 97 டெசிபலோடு 35 ஹெர்ட்ஸ் வரையும் இறங்க வேண்டுமென்றால் பெட்டி அலமாரி அளவுக்கு வளர்ந்துவிடும்.

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, எவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சில வாட்டுகளே கிடைத்த 1930-களின் திரையரங்குகள் ஹார்ன்களைக் கொண்டே அரங்கை நிறைத்தன. 1946-இல் பால் கிளிப்ஷ் அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கிக் கிளிப்ஷ்ஹார்னை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு 100 டெசிபலுக்கும் மேல். 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பாஸை வரவழைத்தார், சென்சிட்டிவிட்டி பலியானது. ஸ்டீரியோ வந்து ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டதும் எல்லோரும் சிறிய பெட்டியின் பக்கம் சாய்ந்தார்கள். 1960-களில் டிரான்சிஸ்டர் வேண்டிய வாட்டுகளைத் தந்து, வெளியீட்டு மின்மறுப்பையும் சுழியத்துக்கு அருகில் கொண்டுபோன பிறகு, ஸ்பீக்கர் வடிவமைப்பவர்களுக்கு மின்மறுப்பைச் சமமாக வைக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போயிற்று. இன்று கடையில் நிற்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அந்த விடுதலையின் பிள்ளைகள். அவற்றில் வால்வுக்கு ஒத்துவருவதைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

வால்விலேயே வெளியீட்டு மின்மறுப்பைக் குறைக்கவும் வழி உண்டு. 1927-இல் பெல் ஆய்வகத்தின் ஹரோல்ட் பிளாக் கண்டறிந்த எதிர்ப் பின்னூட்டம்தான் அது. 1947-இல் வெளியான வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர் 20 டெசிபல் பின்னூட்டத்துடன் 15 வாட்டை மிகக் குறைந்த சிதைவில் தந்தது. 1951-இல் ஹாஃப்லரும் கெரோஸும் முன்வைத்த, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே வால்வுக்கு ஓரளவு பின்னூட்டம் கொடுக்கும் அல்ட்ராலீனியர் இணைப்பு அந்தப் பாதையை இன்னும் செம்மைப்படுத்தியது. 1959-இல் வந்த டைனக்கோ ஸ்டீரியோ 70, சேனலுக்கு 35 வாட்டை எளியவர் கைக்கும் எட்டச்செய்தது. பின்னூட்டம் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. அளவான பின்னூட்டமுள்ள புஷ்-புல் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு ஓர் ஓமுக்கும் கீழே வந்துவிடுவதால், முகடுகள் நிறைந்த சாதாரண ஸ்பீக்கரோடும் அது முகம் கோணாமல் பழகும். ஏற்கெனவே தமக்குப் பிடித்த ஸ்பீக்கர் வைத்திருந்து, அதைக் கைவிட மனமில்லாமல் வால்வுக்கு மாற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். சிங்கிள் எண்டட் வேண்டுமென்றால் ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும்.

சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அதன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நேர்மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், உள்ளகத்தில் காற்றிடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். அதிர்வெண் பாதியானால் அதே மின்னழுத்தத்துக்குக் காந்தப் பாயம் இரட்டிப்பாகும். எனவே 1 கிலோஹெர்ட்ஸில் 8 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் 30 ஹெர்ட்ஸில் அதே 8 வாட்டைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாற்பது, ஐம்பது ஹெர்ட்ஸோடு நயமாக நின்றுகொள்ளும் ஸ்பீக்கரே இதற்கு ஏற்றது. அதற்குக் கீழே வேண்டுமென்றால், சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ள சப்வூஃபரிடம் அந்த வேலையை விட்டுவிடலாம்.

மிக உயர்ந்த சென்சிட்டிவிட்டியின் பின்னால் ஓடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் ஹம், அதாவது மின்வழங்கலின் உறுமல், இருந்தால், 87 டெசிபல் ஸ்பீக்கரில் அது 18 டெசிபலாகி, அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் காதுக்கு எட்டாமலே போய்விடும். 104 டெசிபல் ஹார்னில் அதே ஹம் 35 டெசிபல். இரவில், இசையின் இடைவெளிகளில், தெளிவாகக் கேட்கும். சூடேறும் ஃபிலமென்ட்டே எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடாகவும் இருக்கும் 300பி, 2ஏ3 போன்ற வால்வுகளில் இந்த இரைச்சலை அடக்குவது தனிக்கலை. ஹார்ன் வைத்திருப்பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது முதலில் செய்ய வேண்டியது, இசை எதுவும் போடாமல் ஹார்னின் வாயருகே காது வைத்துக் கேட்பதுதான்.

ஸ்பீக்கர் வயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2.5 ஓம் வெளியீட்டு மின்மறுப்புக்கு முன்னால் வயரின் 0.05 ஓம் எதையும் மாற்றிவிடாது. அந்தக் கவலைக்குச் செலவிடும் நேரத்தை கிராஸ்ஓவரைக் கவனிக்கச் செலவிடலாம்.

கிராஸ்ஓவரில் செய்யக்கூடியது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நான் இப்போது கேட்கும் ஸ்பீக்கர் 93 டெசிபல், எங்கும் 6.5 ஓமுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே, வூஃபர் ஒதுங்கி ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடத்தில், 22 ஓமுக்கு எழும் ஒரு முகடு இருக்கிறது. என் 2.5 ஓம் ஆம்ப்ளிஃபையரில் அந்த இடம் சுற்றியுள்ள 7 ஓம் பகுதியைவிட ஏறத்தாழ 1.7 டெசிபல் உயர்ந்துவிடும். பெண் குரல்கள் முன்னே வந்து நிற்கும். வயலின் கூட்டமாக வாசிக்கும்போது ஓரங்கள் கூர்மையாகும். ஒரு காயில், ஒரு மின்தேக்கி, 12 ஓம் மின்தடை ஒன்று ஆகிய மூன்றையும் தொடராக்கி, 2 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசையும்படி அளவு தேர்ந்து, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே இணைத்தேன். முகடு 8 ஓமுக்கு இறங்கியது; உயர்வு 0.3 டெசிபலாகச் சுருங்கியது. அந்த மூன்று பாகங்களும் சிக்னலின் வழியில் குறுக்கிடுவதில்லை. முகடு இருக்கும் பகுதியில் மட்டும் ஆம்ப்ளிஃபையரிடமிருந்து சற்று அதிக மின்னோட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இதை இணைத்தாலும் கழற்றினாலும் ஒலியில் மாற்றமே தெரியாது என்பது, மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தெளிவான நிரூபணம். இப்போது அந்த இணைப்புக்கு ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு அதை இணைத்தும், ஒரு குரலும் ஒரு வாத்தியமும் மட்டுமே உள்ள பழைய பதிவுகளுக்கு அதைத் துண்டித்தும் கேட்கிறேன்.